சூடாகாத பின்சக்கரம்

கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா, சாதிச் சான்றிதழ், வில்லங்கம் என்று நகல் எடுத்தே பதினேழு வருஷம் ஓடிவிட்டது. 2019-ல் ஒரு மத்தியானம், கிரீஸ் படிந்த சட்டையோடு ஒருத்தர் வந்தார். கையில் சணல் கயிறு போட்டுக் கட்டிய தடிப் புத்தகம். முன்னாலும் பின்னாலும் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணிக் கொடுங்க என்று 300 ரூபாய் முன்பணம் தந்தார். சாயங்காலம் வந்தபோது மிஷின் மக்கர் பண்ணியதில் பைண்டிங் முடிந்திருக்கவில்லை. "ஒரிஜினலை மட்டும் குடுங்க, காப்பிய நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று போனவர்தான், இன்றுவரை வரவில்லை.

640 பக்கம். இரண்டு வால்யூமாக பைண்டிங் போட்டு மேஜைக்குக் கீழே வைத்தேன். ஆறேழு மாசம் அதன் மேல்தான் கால் வைத்து உட்கார்ந்திருந்தேன். லாக்டவுனில் கடையைச் சாத்திச் சாமான்களை ஒழுங்கு பண்ணும்போதுதான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். என் மாமனார் வைத்திருக்கும் அதே பிக்கப்பின் ஒர்க்‌ஷாப் மேனுவல்.

பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. சேலம் ரோட்டில் பத்து பிக்கப் போனால் அதில் நாலைந்து அந்த மாடலாகத்தான் இருக்கும். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். இந்தக் கதையில் வண்டியின் மேல் தப்பே இல்லை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வண்டியோடு வருகிற ஓனர் புக் வேறு, இது வேறு. ஓனர் புக்கில் ரேடியோ போடுவது எப்படி என்று நாலு பக்கம் இருக்கும். பிரேக் என்றால் ஷோரூமுக்குக் கொண்டு போங்கள் என்று ஒரு வரி இருக்கும். ஒர்க்‌ஷாப் மேனுவல் அந்த ஷோரூம்காரன் படிப்பது. எந்த போல்ட்டை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும், எவ்வளவு தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். படங்கள் பிரமாதம். கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் சாமானைப் பிரித்து வரிசையாகப் பரப்பி வைத்த மாதிரி, ஒரு கியர் பாக்ஸின் அத்தனை உறுப்பும் தனித்தனியாக வரைந்து நம்பர் போட்டிருக்கும். நான் பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம் படித்துவிட்டு அப்பா இறந்ததும் கடைக்கு வந்தவன். அந்தப் படங்களைப் பார்த்தபோது விட்டுப்போன இரண்டு வருஷத்தை யாரோ மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

மாமனாருக்கு ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் நாலரை ஏக்கர். காபி, நிழலுக்கு சில்வர் ஓக், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி. மாமாவுக்கு வயது 68. வண்டி 2012 மாடல் டீசல், இரண்டாவது கையாக வாங்கியது. வாரம் ஒருமுறை சேலத்துக்கு லோடு இறங்கும். திரும்பும்போது உரம், சிமெண்ட், மாட்டுத் தீவனம் என்று ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மலைக்குப் போய் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க ஆரம்பித்தேன் என்றால், முதலில் கெடுக்க ஆரம்பித்தேன்.

முதல் வேலை ஆயில் மாற்றுவது. இதில் என்ன இருக்கிறது, கீழே ஒரு போல்ட், கழற்றினால் பழைய ஆயில் இறங்கும், மாட்டிவிட்டு மேலே புதுசு ஊற்ற வேண்டும். மேனுவலில் அந்த டிரெயின் போல்ட்டுக்கு 4 கிலோ-மீட்டர் டார்க் (முறுக்கு) என்று போட்டிருந்தது. நாலு கிலோவா, ரொம்பக் கம்மியாக இருக்கிறதே என்று நினைத்து, ஸ்பேனரில் ஒன்றரை அடி பைப்பை மாட்டி இழுத்தேன். 'கிறுக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதற்கப்புறம் போல்ட் சுகமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மரை போச்சு.

4 கிலோ-மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் நாலு கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு. 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அதையே கொடுக்க வேண்டும் என்றால் கையில் 20 கிலோ. அரிசிச் சிப்பம் ஒன்றைத் தூக்குகிற பலத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் கொடுத்தது அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். ஆயில் தங்குகிற அடித்தொட்டியான சம்ப்பைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், ஓட்டையைப் பெரிசாக்கிப் புது மரை போட்டு, பெரிய போல்ட்டாக மாட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கே, அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கினேன். மூவாயிரம் சொச்சம் ஆனது. "இந்தக் காசுக்கு மெக்கானிக் அஞ்சு தடவ ஆயில் மாத்தியிருப்பான் மாப்ள" என்றார் மாமா. கணக்கு சரிதான்.

அதற்கப்புறம் கை திருந்தியது. டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தித் தண்ணீர் வடிப்பது (மலையில் மழைக்காலத்தில் இது அடிக்கடி வேண்டியிருக்கும்), புரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸுக்கு கிரீஸ் அடிப்பது, ஏர் ஃபில்டர், பெல்ட். இதையெல்லாம் விவரித்து எழுத ஒன்றுமில்லை. பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். நான் சொல்ல வந்தது பிரேக்கைப் பற்றி.

2022 ஜனவரி. காபி அறுவடை நேரம். உலர்த்திய காபி 18 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ. ஓட்டியது மாமா, நான் பக்கத்தில். மாமாவுக்கு ஒரு பழக்கம், இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவார். ஏற்காடு மலைப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழெட்டு தாண்டியிருப்போம், கருகல் வாசம் வந்தது.

"மாமா, ஏதோ தீயற வாசம் வருதுங்க."

"முன்னால போற பஸ்ஸோடது மாப்ள."

முன்னால் பஸ் இல்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் அவர் பெடலை ஒரு தரம் மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். மூன்றாவது தரம் மிதிக்கும்போது அவர் முழங்கால் தேவைக்கு அதிகமாக முன்னால் போனதைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல, கொஞ்சம் இறங்குது" என்றார். குரல் மட்டும் மாறியிருந்தது. மூணாவது கியருக்குத் தள்ளினார், இன்ஜின் அலறியது, ரெண்டாவதுக்குத் தள்ளினார், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தார். மலைப்பக்க ஓரத்தில் மண்ணில் உரசி வண்டி நின்றது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு குரங்கு வந்து போனெட்டில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துவிட்டு, தின்ன ஒன்றும் இல்லை என்று இறங்கிப் போனது.

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டிலும் லேசாகப் புகை. மாமா தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து ஊற்றினார். நான் இன்னொரு பாட்டிலை. சுர்ர்ர் என்று ஆவி கிளம்பியது. அது எவ்வளவு முட்டாள்தனம் என்று அப்போது தெரியாது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கலாம், இது வேறு. கொதிக்கிற பிரேக் டிஸ்க்கில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று குளிர்ந்தால் இரும்பு கோணும், விரிசல்கூட விடும். சும்மா விட்டு ஆற வைப்பதுதான் முறை. அந்தத் தண்ணீருக்கு அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் பெடல் காலை உதைத்தது, இரண்டு டிஸ்க்கும் மாற்ற வேண்டி வந்தது. அது தனிச் செலவு.

அரை மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. "பாத்தீங்களா, சரியாப் போச்சு" என்றார் மாமா. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கெட்டுப்போய்த் தானாகச் சரியாகிற ஒன்றை எந்த மெக்கானிக்கிடம் போய்க் காட்டுவது?

சும்மா ஒரு கணக்கு. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஏறக்குறைய 1100 மீட்டர் இறக்கம். லோடோடு வண்டி இரண்டரை டன். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், இறங்கி முடிக்கிறதுக்குள் எங்காவது கரைத்தாக வேண்டிய சக்தி, முக்கால் லிட்டர் டீசலை எரித்தால் வருகிற சூட்டுக்குச் சமம். கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டினால் மொத்தமும் பிரேக்கின் தலையில். மாமா மிச்சம் பிடித்த டீசல் சக்கரத்துக்குள் எரிந்துகொண்டிருந்தது. இதைச் சொன்னபோது அவர் பதிலே பேசாமல் வெற்றிலை மடித்தார். ஆனால் அதற்கப்புறம் நியூட்ரல் போடுவதில்லை. ஏறின கியரிலேயே இறங்கணும் என்று அவர் காலத்து லாரி டிரைவர்கள் எல்லோரும் சொல்வார்களாம், அவருக்கும் தெரியும்தானாம்.

எங்கள் மெக்கானிக்கை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருஷ அனுபவம். சக்கரத்தைத் தட்டியே பேரிங் போச்சா இல்லையா என்று சொல்லிவிடுவார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற முன் பேடைக் கழற்றிக் காட்டினார். தகரம்தான் மிச்சம். "மல வண்டி அப்படித்தானுங்க தம்பி, பேடு தேயத்தான் செய்யும்" என்று புதுசு போட்டார். இருபது மாசத்தில் அது மூன்றாவது செட்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அன்றைக்கு வண்டி நின்றதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையை நீட்டிப் பார்த்தேன். முன்னால் இரண்டும் அடுப்பு. பின்னால் இரண்டும் சில்லென்று இருந்தன. அண்ணனிடம் சொன்னேன். "முன் பிரேக்குதான் அதிகம் புடிக்கும், அது எல்லா வண்டிக்கும் அப்படித்தான்" என்றார். அதுவும் உண்மை. பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும். ஆனால் பின்னால் 900 கிலோ காபி உட்கார்ந்திருக்கும் வண்டியில் பின்சக்கரம் ஒரு வேலையும் செய்யாமல் வருவது நியாயமா?

அடுத்த ஞாயிறு பிரேக் ஆயிலிலிருந்து ஆரம்பித்தேன். டப்பாவின் மூடியைத் திறந்தால் உள்ளே ஆறிப்போன டிக்காஷன் நிறம். புதுசு வெளிர் மஞ்சளாக, தண்ணீர் மாதிரி இருக்கும். இந்த திரவம் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மூடி சரியாக இருந்தாலும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூடக் குடிக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அது 140. டாட் 4 என்றால் 230-ம் 155-ம். ஏற்காட்டு மூடுபனியில் நாலு வருஷம் நின்ற வண்டியில், கருகிற பேடுக்கு ஒட்டினாற்போல இருந்து அதை அழுத்துகிற காலிபருக்குள் அது கொதிக்காமல் என்ன செய்யும்? கொதித்தால் ஆவி. திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அதுவே சுருங்கிக்கொள்ளும். கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆறினதும் ஆவி திரும்பத் திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகிவிடும். தானாகச் சரியானதன் ரகசியம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று மேனுவலில் கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது. மாமா வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை. குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவதோடு சரி.

பழசை வெளியேற்றிப் புதுசு நிரப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருத்தர் கீழே நிப்பிளை (ஆயிலை வெளியே விடுகிற சின்னத் திருகு) திறந்து மூட. இதைத்தான் பட்டறையில் 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். பெடலுக்கு என் மகள் வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மடியில் மேனுவலை வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் டீச்சர் மாதிரி உரக்கப் படித்தாள். பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும்; எங்கள் வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

"அடி... அடி... அடி... புடி!"

"புடிச்சிட்டேன்ப்பா!"

"விடாத, நான் சொல்ற வரைக்கும் விடாத."

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து இரும்பு ஸ்டாண்டில் பின்பக்கத்தை உட்கார வைத்திருந்தேன், முன்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்திருந்தேன். பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. நிப்பிளில் மாட்டிய டியூபில் பழைய ஆயில் வர வேண்டும். வந்தது, சொட்டுச் சொட்டாக. நாற்பது தரம் மிதித்திருப்பாள். "கால் வலிக்குதுப்பா" என்றாள். கால் டம்ளர்கூடத் தேறவில்லை. வீல் சிலிண்டர் அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். வலது பக்கம் முயற்சி பண்ணினேன். அங்கே நிப்பிள் துருப்பிடித்திருந்தது. 10 நம்பர் ரிங் ஸ்பேனரைப் போட்டுக் கொஞ்சம் அழுத்தினேன், தலை கையோடு வந்துவிட்டது. மேனுவலில் 'நிப்பிளைத் தளர்த்தவும்' என்று இரண்டே வார்த்தைதான். அது உடைந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. எழுதினவர் முன்னால் இருந்தது புது வண்டி, துரு என்றால் என்னவென்று தெரியாத வண்டி. நமக்கு முன்னால் இருப்பது பத்து வருஷப் பழசு, பனியில் நின்றது.

அலுப்பில் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தேன். மகள் மேலே உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, இங்க ஒரு நோட் இருக்கு. பின் ஆக்ஸில் தொங்கக் கூடாதாம். வண்டி சக்கரத்துல நிக்கணும், இல்லன்னா ஆக்ஸிலுக்கு அடியில ஸ்டாண்ட் குடுக்கணுமாம். எல்.எஸ்.பி.வி-ன்னு போட்டிருக்கு. அப்டின்னா என்னப்பா?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் அதற்கு நேர் கீழேதான் படுத்திருந்தேன். சேசிஸில் கைமுட்டி அளவுக்கு ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி நீண்டு பின் ஆக்ஸிலைப் பிடித்திருந்தது. இவ்வளவு நாள் அதை ஹேண்ட் பிரேக் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். ஜாக்கியை ஆக்ஸிலுக்கு மாற்றிக் கொடுத்தேன். கம்பி மேலே ஏறியது. "இப்ப மிதி." இடது நிப்பிளில் டிக்காஷன் பீச்சிக்கொண்டு வந்து என் முகத்தில் அடித்தது. (கண்ணாடி போட்டிருந்தேன். போடாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள். பெயிண்டையே உரிக்கிற திரவம் அது.)

அந்த ஈர முகத்தோடு மேனுவலை வாங்கிப் பிரேக் பகுதியை முதலிலிருந்து படித்தேன். எல்.எஸ்.பி.வி என்றால் லோடு சென்சிங் புரொபோர்ஷனிங் வால்வு. காலி பிக்கப்பில் பின்பக்கம் இறகு மாதிரி லேசு. அப்போது பின் பிரேக் முழுசாகப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பிவிடும். அதனால் இந்த வால்வு, பின்பக்கம் லேசாக இருக்கும்போது பின் பிரேக்குக்குப் போகிற அழுத்தத்தைக் குறைத்துவிடும். லோடு ஏறினால் சேசிஸ் கீழே இறங்கும், ஆக்ஸிலுக்கும் அதற்கும் இடைவெளி குறையும், கம்பி வால்வைத் திறந்துவிடும், பின் பிரேக் முழுசாகப் பிடிக்கும். இந்த வால்வுக்குக் கண் கிடையாது. மூட்டையை எண்ணத் தெரியாது. சேசிஸ் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

நான் சேசிஸைத் தூக்கி ஆக்ஸிலைத் தொங்கவிட்டதும் அது, காலி வண்டி, அதுவும் படு காலி, என்று நினைத்து மூடிக்கொண்டது. அதனால்தான் சொட்டுச் சொட்டாக வந்தது.

அப்படியென்றால் லோடு ஏற்றியும் சேசிஸ் இறங்கவில்லை என்றால்?

எழுந்து பின்பக்கம் போய், எடையைத் தாங்குகிற வளைந்த ஸ்பிரிங்கான கமான் பட்டையை எண்ணினேன். மேனுவலில் படம் போட்டு, ஒரு பக்கத்துக்கு ஐந்து என்று இருந்தது. வண்டியில் ஆறு.

"மாமா, பட்டை எக்ஸ்ட்ரா போட்டீங்களா?"

"ஆமா மாப்ள, வாங்கின புதுசுலயே. உரம் ஏத்துனா பின்னால உக்காந்துருதுன்னு ஒரு பட்டை சேத்துக் கட்டச் சொன்னேன். இப்பப் பாருங்க, எவ்ளோ ஏத்துனாலும் அசையாது."

அசையாது. அதுதான் விஷயம். 18 மூட்டை ஏற்றியும் பின்பக்கம் பாதிகூட இறங்கவில்லை, வால்வு பாதிக் காலி என்று நினைத்துப் பின் பிரேக்கை அடைத்து வைத்தது, மொத்த வண்டியையும் முன் பேடு இரண்டும் சுமந்தன. மூன்று செட் பேடு, இரண்டு டிஸ்க், கொதித்த ஆயில், போனெட்டில் குரங்கு, எல்லாம் இந்த இரண்டு இரும்புத் துண்டிலிருந்து கிளம்பியது. பின் டிரம்மைக் கழற்றிப் பார்த்தேன். டிரம்மை உரசிப் பிடிக்க வேண்டிய ஷூ லைனிங் புதுசு மாதிரி. டிரம்முக்குள் துரு. தேயத் தேயத் தானாக இடைவெளியைச் சரிசெய்ய வேண்டிய அட்ஜஸ்டர் வேலையே இல்லாமல் இறுகிப்போயிருந்தது. (டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைப்பது நல்லது.)

சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் பட்டை சேர்ப்பது டீக்கு சர்க்கரை கூடப் போடுவது மாதிரி. யாரும் யோசிப்பதில்லை. பழைய லாரியில் அந்த வால்வு இல்லாததால் பிரச்சினையும் தெரிந்திருக்காது. அண்ணன் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பார்த்தது தேய்ந்த பேடு, போட்டது புதுப் பேடு. பின்னால் பட்டை சேர்த்ததற்கும் முன்னால் பேடு தேய்வதற்கும் முடிச்சுப் போட அந்தப் படம் வேண்டும். மேனுவலில் கோளாறு அட்டவணை ஒன்று உண்டு. 'முன் பேடு விரைவில் தேய்தல்' என்பதற்கு நேராக ஐந்தாவது காரணமாக இந்த வால்வின் அமைப்பு இருந்தது. நான் அந்த அட்டவணையை முன்பே படித்திருக்கிறேன். முதல் நாலு காரணத்தோடு நிறுத்தியிருந்தேன்.

இரண்டு வழி இருந்தது. ஆறு பட்டைக்கு ஏற்ற மாதிரி வால்வின் கம்பியைத் திருப்பி வைப்பது. அல்லது பட்டையைக் கழற்றுவது. முதல் வழியைப் பலர் செய்கிறார்கள், கண் மட்டத்தில். எனக்குத் தைரியம் வரவில்லை. அதைச் சரியாக வைக்க முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் மாட்டி அளக்க வேண்டும். தவறாகத் திறந்து வைத்தால் மழையில் காலி வண்டியின் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போகும். ஏற்காட்டில் சுற்றினால் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மாமாவைச் சம்மதிக்க வைக்க மூன்று ஞாயிறு ஆனது.

"பட்டை போச்சுன்னா நாலு மூட்டை போச்சு மாப்ள. அந்த நாலு மூட்டைக்கு இன்னொரு நடை போகணும். டீசல் யாரு குடுக்கறது?"

"ஆர்.சி புக்குல இருக்கற எடைக்கு மேல ஏத்தறதே தப்புங்க மாமா."

"சட்டம் பேசுனா விவசாயம் பண்ண முடியுங்களா?"

கடைசியில் என் மாமியார்தான் முடித்து வைத்தார். சமையல்கட்டிலிருந்தே, "அன்னைக்கு மலையில நின்னப்போ எத்தன மூட்டைன்னு எண்ணிட்டா இருந்தீங்க?" என்று ஒரு கேள்வி. மாமா அன்று வெற்றிலை போடவில்லை.

கமான் பட்டை கழற்றுவது என் தனி வேலை இல்லை என்று புரிந்து, அண்ணனை மலைக்கே கூட்டி வந்தேன். பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட்டை வெறுமனே கழற்றினால் வளைந்து அழுத்தப்பட்டிருக்கிற பட்டை துள்ளி அடிக்கும். அவர் முதலில் இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு இறுக்கி, அப்புறம் போல்ட்டைக் கழற்றி, கிளாம்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மேனுவலில் இதே முறைதான், ஆனால் கிளாம்ப்புக்குப் பதில் ஏதோ நம்பர் போட்ட ஸ்பெஷல் டூல். முன்பு உடைந்த நிப்பிளையும் அவர்தான் எடுத்தார். டார்ச் வைத்துச் சுற்றிலும் சூடுகாட்டி, ஆறவிட்டு, மறுபடி சூடுகாட்டி, கட்டிங் பிளேயரில் பிடித்து, குழந்தைக்கு முள் எடுக்கிற மாதிரி. அதை எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது.

புது சென்டர் போல்ட், பட்டைகளை ஆக்ஸிலோடு கட்டிப் பிடிக்கிற புது யூ போல்ட் போட்டோம். யூ போல்ட்டின் நாலு நட்டையும் குறுக்கு மறுக்காக, சமமாக இறுக்க வேண்டும். அண்ணன் கைக்கணக்கில் இறுக்கினார். நான் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தேன். மூன்று நட்டு சரியாக இருந்தது, ஒன்று இன்னும் கால் சுற்றுப் போனது. அவர் ரெஞ்சை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எவ்ளோங்க தம்பி இது?" என்றார். சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். போன மாசம் அவர் பட்டறைக்குப் போனபோது சுவரில் ஒன்று தொங்கியது.

லோடோடு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்து தளர்வு வரும். இதை மறந்தால் சென்டர் போல்ட் உடையும். நான் கடை காலண்டரில் எழுதி வைத்தேன்.

முதல் நடை, 14 மூட்டை. ரெண்டாவது கியர். நான் ஓட்டினேன், மாமா பக்கத்தில் வெளியே பார்த்தபடி வந்தார். பின்பக்கம் தாழ்ந்திருந்ததில் ஹெட்லைட் கொஞ்சம் மேலே அடித்தது, அதைத் திருகி இறக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அடிவாரத்தில் டீக்கடைக்கு எதிரே நிறுத்தி, இறங்கி நாலு சக்கரத்துக்கும் கையை நீட்டினேன். முன்னால் சூடு, ஆனால் கை தாங்குகிற சூடு. பின்னாலும் அதே மாதிரி.

"மாமா, இங்க வந்து கைய நீட்டிப் பாருங்க."

நீட்டினார். "ஆமா, சுடுது" என்றார். ஏதோ நல்ல சேதி கேட்ட மாதிரி, கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அப்போது போட்ட பேடு இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. மாற்றும்போதுகூட அதில் 3 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. கழற்றிய பட்டை இரண்டையும் பழைய இரும்புக்குப் போடலாம் என்று நான் வண்டியில் ஏற்றியபோது மாமா தடுத்துவிட்டார். கொல்லுப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒன்றை இரண்டு அரிவாளாகவும் ஒன்றைக் கவாத்துக் கத்தியாகவும் அடித்துக்கொண்டு வந்தார். கமான் பட்டை இரும்புக்கு இணையே இல்லையாம், முனை மழுங்காதாம். சில்வர் ஓக்கில் கிளை கழிக்க இப்போது அதுதான்.

"பாத்தீங்களா மாப்ள, அஞ்சாயிரம் குடுத்துக் கட்டுன பட்டை. வீண் போகல."